தொடர்கதையின் கடைசிப் பக்கம்

எழுத உட்கார்ந்தால் எழுந்துவிடுகிறேன். குக்கர் விசில் ஒரு சாக்கு, தண்ணீர் லாரி ஒரு சாக்கு, ஒன்றும் கிடைக்காவிட்டால் இருக்கவே இருக்கிறது முழங்கால். நம் வயதுக்காரர்களுக்குச் சாக்குக்கா பஞ்சம்? இப்படியே ஒரு கதைகூட எழுதாமல் வருஷங்களை ஓட்டிவிட்டேன். எழுதுகிறவர்களுக்கு இது வரும், போகும் என்று ஆறுதல் சொன்னவர்கள் உண்டு. வந்தது தெரிகிறது, போகிற வழியைத்தான் காணோம். மொபைலைப் பார்த்துப் பேசினால் அதுவே எழுதிக்கொள்ளும் என்று பேத்தி கற்றுக் கொடுத்தாள். அதன் முன்னால் உட்கார்ந்து பெருமூச்சு விட்டதுதான் மிச்சம்.

ஆனால் படிப்பது மட்டும் நிற்கவில்லை. வேலைக்குப் போன காலத்தில் மின்சார ரயிலில் பக்கத்து சீட்டுக்காரி வைத்திருக்கும் வார இதழை எட்டிப் படித்து, அவள் பக்கத்தைத் திருப்புவதற்குள் முடித்துவிட வேண்டுமே என்று வேகமாகப் படிக்கப் பழகியவள் நான். குரோம்பேட்டையில் இறங்க வேண்டியவள் கதை முடியாமல் பல்லாவரம் வரை போய்த் திரும்பியிருக்கிறேன். முடிச்சூரில் டிசம்பர் வெள்ளம் வந்தபோது எங்கள் தரைத்தள வீட்டு அலமாரி முழுக்க ஊறிப்போனது. புத்தகங்களை மொட்டை மாடியில் காய வைத்தேன். காய்ந்ததும் அப்பளமாக வளைந்து, பக்கத்தோடு பக்கம் ஒட்டிக்கொண்டது. அதையும் உரித்து உரித்துப் படித்தேன். உரிக்கும்போது பாதி வரி இந்தப் பக்கமும் பாதி வரி அந்தப் பக்கமும் போகும். பரவாயில்லை என்று படித்தேன். எழுத்துதான் அந்த டிசம்பரோடு நின்றது.

என் கதைகளைப் போட்ட வார இதழ்கள் ஒவ்வொன்றாக மூடின. என் இரண்டு புத்தகங்கள் இப்போது யார் வீட்டிலும் இருக்கும் என்று தோன்றவில்லை. அதெல்லாம்கூட என்னைப் பெரிதாக வருத்தவில்லை. எனக்கென்று மனசுக்குள் ஒரு வாசகி இருந்தார். எப்போது எழுத உட்கார்ந்தாலும் அவர் ஏதோ தூர தேசத்து அறையில் கட்டிலில் உட்கார்ந்து நான் எழுதிய பக்கத்தைப் படித்துக்கொண்டிருப்பார். அந்த முகத்தைப் பார்த்துத்தான் இத்தனை காலம் எழுதினேன். வெள்ளத்துக்குப் பிறகு அந்த முகம் கலங்கிவிட்டது. அவர் உண்மையில் படித்தாரா, படித்துவிட்டு என்ன நினைத்தார், இதைத் தெரிந்துகொண்டால் மறுபடி எழுதிவிடுவேன் என்று நம்பினேன். அவரைப் பற்றிச் சொல்ல வேண்டுமானால் நான் ஐந்தாம் வகுப்பு முடித்த கோடைக்குப் போக வேண்டும்.

மேற்குத் தாம்பரத்தில் ஒரு கிணற்றைச் சுற்றி வரிசை வீடுகள். எங்கள் வீட்டில் அப்பா, அம்மா, நான், அம்மாவின் தம்பியான மாமா. மாமா டைப்ரைட்டிங் ஹையர் முடித்துவிட்டு ஊரில் உள்ள எல்லா அலுவலகத்துக்கும் விண்ணப்பம் போட்டுக்கொண்டிருந்தார். எதிர் வீட்டு ஒற்றை அறையில் நர்ஸ் அக்கா. சானடோரியம் பக்கம் ஆஸ்பத்திரியில் வேலை. படப்பைக்கு அந்தப் பக்கத்துக் கிராமம், வேதக்கார, அதாவது கிறிஸ்தவக் குடும்பம். அம்மா அவரை சிஸ்டர் என்பாள். அவர் அம்மாவை அக்கா என்பார். நான் இருவருக்கும் பாப்பா.

இரண்டு வீட்டுக்குமாகச் சேர்த்து ஒரே வார இதழ்தான் வாங்கினார்கள். நர்ஸ் அக்கா முதலில் படிப்பார், பிறகு அம்மா. அதில் இரண்டு தொடர்கதைகள். அம்மாவுக்கு ராணி கதை. நர்ஸ் அக்காவுக்குத் தேயிலைத் தோட்டத்து டாக்டர் கதை. அம்மா டாக்டர் கதையைத் தொடமாட்டாள். "அழுமூஞ்சிக் கதை" என்று ஒதுக்கிவிடுவாள். தொடர்கதையைக் கிழித்துச் சேர்த்து, முடிந்ததும் பைண்ட் பண்ணி வைக்கிற வழக்கம் உங்கள் வீடுகளிலும் இருந்திருக்கும். நீல காலிகோ அட்டை, முதுகில் கதையின் பெயர், பிரித்தால் பசை வாசனை. நடுநடுவே பல்பொடி விளம்பரமும் பாதி ஜோக்கும் எட்டிப் பார்க்கும்.

சிக்கல் என்னவென்றால் டாக்டர் கதை முடிகிற பக்கத்தின் பின்பக்கத்தில்தான் ராணி கதை தொடங்கும். ஒவ்வொரு வாரமும் அப்படித்தான். அச்சுப் போட்டவர்களுக்கு எங்கள் கிணற்றடி நியாயம் தெரியுமா என்ன?

"சிஸ்டர், மொதல் பக்கமே இல்லாம ராணி கதை எப்படி பைண்ட் பண்றது? நல்லாவா இருக்கும்?" என்றாள் அம்மா.

"எங்க கதைக்கு மட்டும் முடிவு இல்லாங்காட்டி நல்லா இருக்குமா அக்கா?" என்றார் நர்ஸ் அக்கா.

இருவரும் சிரித்தபடியேதான் சண்டை போட்டார்கள். ஆனால் தாளின் ஆளுக்கொரு நுனியை விடவில்லை. மாமாதான் தீர்ப்புச் சொன்னார். "பாப்பாவுக்கு லீவுதானே. தாளு அக்காவுக்கு. டாக்டர் கதைப் பக்கத்த பாப்பா அழகா எழுதி சிஸ்டருக்குக் குடுக்கட்டும். அத வெச்சு பைண்ட் பண்ணிக்கட்டும்."

அந்த வயதில் எனக்கு அந்தக் கதையைப் படிக்க அனுமதி இல்லை. காதல் கதை, பெரியவர்கள் படிப்பது. ஆனால் எழுதலாமாம். "எழுதறது வேற, படிக்கறது வேற. கையெழுத்து நல்லா ஆகும்" என்று அம்மா தெளிவாகச் சொல்லிவிட்டாள். எழுதுகிறவள் படித்துக்கொண்டுதான் எழுதுவாள் என்று அவளுக்குத் தோன்றவில்லை. நானும் சொல்லப் போகவில்லை.

இப்படியாக ஒரு முழுக் கதையை அதன் வாராந்தர முடிவுகள் வழியாக மட்டும் தெரிந்துகொண்ட ஒரே பிறவி நானாகத்தான் இருப்பேன். ஒவ்வொரு வாரமும் யாரோ கதவைத் தட்டுவார்கள், திறந்தால் யார் நிற்கிறார்கள் என்று எனக்குத் தெரியாது. அடுத்த வாரம் வேறு கதவைத் தட்டுவார்கள். நடுவில் நடந்ததை நானே இட்டுக்கட்டிக்கொள்வேன். மத்தியானத்தில் சமையலறை ஓரம் தரையில் குப்புறப் படுத்துக்கொண்டு எழுதுவேன். வயிற்றுக்குச் சிமெண்டுத் தரை சில்லென்று இருக்கும். விமானப் படைப் பயிற்சி விமானம் ஒன்று ஓட்டுக்கு மேலே உறுமிக்கொண்டே சுற்றும். பேனா கக்கினால் சாக்பீஸை உருட்டி மையை உறிஞ்ச வேண்டும். கடைசியில் சிவப்பு மையில் 'தொடரும்' என்று போடுவேன். அந்தச் சொல்லை எழுதும்போது வந்த சந்தோஷம், பிறகு என் பெயரை அச்சில் பார்த்தபோதுகூட வரவில்லை.

அந்தக் கோடையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை திருநீர்மலைக்குப் போனோம். நர்ஸ் அக்காவையும் அம்மா கூட அழைத்துக்கொண்டாள். அவர் மலை ஏறவில்லை, கீழே குளத்தங்கரையிலேயே உட்கார்ந்துகொள்கிறேன் என்றார். உடனே மாமாவுக்கு முழங்கால் வலி வந்துவிட்டது. அம்மா பதறிப்போய், "நீ ஏறாதே, சிஸ்டருக்குத் துணையா உக்காரு" என்று அவரையும் விட்டுவிட்டு என்னை இழுத்துக்கொண்டு ஏறினாள். மேலேயிருந்து பார்த்தபோது குளத்தங்கரையில் இரண்டு பேரும் வார இதழை நடுவில் விரித்து வைத்திருந்தார்கள். நெடுநேரம் பார்த்தேன், பக்கத்தைத் திருப்பவே இல்லை. அன்று இரவு அம்மா தம்பியின் முழங்காலுக்குத் தைலம் தேய்த்துவிட்டாள். "சின்ன வயசுலயே இப்படியா?" என்று வருத்தப்பட்டாள். தைலம் தேய்த்தவளுக்கும் தெரியவில்லை, பக்கத்தில் உட்கார்ந்து பார்த்த எனக்கும் தெரியவில்லை. நர்ஸ் அக்காவுக்கு நைட் டூட்டி என்றால் ரயில்வே கேட் வரை துணைக்குப் போகச் சொல்லி மாமாவை அனுப்புவதே அம்மாதான்.

மாமாவுக்கு ஒரு வேலை உத்தரவு வந்தது. அது வந்த வேகத்திலேயே செங்கல்பட்டிலிருந்து ஒரு ஜாதகமும் வந்தது. பொருத்தம் பார்த்தாயிற்று. அம்மா தட்டில் லட்டை வைத்துக்கொண்டு எதிர் வீட்டுக்கு ஓடியது நினைவிருக்கிறது. "சிஸ்டர், தம்பிக்குப் பொண்ணு அமையற மாதிரி இருக்கு. புடவ எடுக்க நீங்கதான் கூட வரணும், உங்களுக்குத்தான் கலர் பாக்கத் தெரியும்." நர்ஸ் அக்கா லட்டை வாங்கிக்கொண்டார். கொஞ்ச நாள் கழித்து, வெளிநாட்டு ஆஸ்பத்திரி வேலைக்குக் கேட்டிருந்தார்கள், போகலாமா வேண்டாமா என்று இருந்தேன், போவதாக முடிவு செய்துவிட்டேன் என்றார். அம்மாவுக்கு அவர் போவதில் வருத்தம். அதைவிட, புடவை எடுக்க ஆள் இல்லையே என்பதில் வருத்தம்.

டாக்டர் கதை முடிந்த வாரமும் அதுதான். வழக்கம்போல இருவரும் படித்து முடித்து, கிழித்த தாளை அம்மா ஜன்னலில் டம்ளருக்கு அடியில் எனக்காக வைத்திருந்தாள். நான் இன்னும் அதைப் பார்க்கக்கூட இல்லை. பெண் பார்க்கக் கிளம்பும் அவசரத்தில் மாமா சவரம் செய்துகொண்டிருந்தார். அந்தக் காலத்து ஆண்கள் பிளேடில் வழிக்கிற சோப்பு நுரையைத் துடைக்கப் பக்கத்தில் பழைய தாள் வைத்துக்கொள்வார்களே, அதற்கு அந்தத் தாளைக் கிழித்து எடுத்துக்கொண்டுவிட்டார். எல்லாரும் கிளம்பிப் போன பிறகு கிணற்றடிச் சாக்கடை ஓரத்தில் நுரையும் முடியுமாகத் துண்டு துண்டாகக் கிடந்தது. பொறுக்கிப் பார்த்தேன். 'அவள் நிமிர்ந்து' என்று ஒரு துண்டில் படிக்க முடிந்தது. மற்றதெல்லாம் கூழாகியிருந்தது.

அம்மா திரும்பி வந்து தலையில் அடித்துக்கொண்டாள். ராணிக்கு முதல் பக்கம் போயிற்று. ஸ்டேஷன் கடையில் கேட்டால் அந்த இதழ் ஒன்றுகூட மிச்சமில்லை. பைண்டிங் கடைக்காரர் மறுநாள் தாள்கள் வேண்டும் என்கிறார். நர்ஸ் அக்கா ஊருக்குப் போகும் நாள் நெருங்கிவிட்டது.

"சிஸ்டர் கிட்ட எப்படிடீ சொல்றது, உங்க கதையத்தான் என் தம்பி தொடச்சிப் போட்டுட்டான்னு?" என்றவள் என்னைப் பார்த்தாள். "நீயே எழுதிடேன். இத்தன வாரமா நீதான எழுதற. அந்த ஆளு எப்படி எழுதுவாருன்னு உனக்குத் தெரியாதா?"

"கண்டுபிடிச்சிட்டா?"

"படிச்ச கதைய எவ திரும்பப் படிக்கப் போறா? பைண்டு பண்றது வெச்சுக்கறதுக்குடீ. எழுது."

உட்கார்ந்தேன். பார்த்து எழுத எதிரே தாள் இல்லாமல் எழுதியது அதுதான் முதல் தடவை. டாக்டர் அவளைக் கைவிட்டுப் போயிருக்கிறான், இப்போது திரும்பி வந்து கதவைத் தட்டியிருக்கிறான். போன வாரம் தட்டியதில் நின்றது. அவள் என்ன செய்வாள்? ஆண்பிள்ளை வீட்டுக்கு வந்தால் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரிந்ததை எழுதினேன். அவள் நிமிர்ந்து பார்க்கிறாள். காபி போட்டுக் கொடுக்கிறாள். அவன் குடிக்கிறான். மழை வருகிறது என்று சொல்கிறான். அவள் குடை எடுத்துத் தருகிறாள். அவன் போகிறான். அவள் டம்ளரைக் கழுவிக் கவிழ்த்துவிட்டுக் கதவைச் சாத்துகிறாள். சிவப்பு மையில் 'முற்றும்'. எழுதி முடித்தபோது காது இரண்டும் சூடாக இருந்தன. நானே ஓர் ஆளை உட்காரவைத்து அனுப்பிவிட்டேன் என்ற நினைப்பு தாங்க முடியாத சந்தோஷமாக இருந்தது. அந்த சந்தோஷத்துக்காகத்தான் பிறகு வாழ்நாள் முழுக்க எழுதினேன்.

பைண்டிங் வந்தது. நர்ஸ் அக்கா அதைத் தடவிப் பார்த்தார். "பாப்பா எழுத்து மணிமணியா கீது. அங்க போய் ரூம்ல தனியாத்தான் இருப்பேன். படிச்சிகினு இருப்பேன்" என்று பெட்டியில் துணிக்கு மேலே வைத்துப் பூட்டினார். டாக்ஸி வந்தபோது எல்லாரும் வாசலுக்கு வந்தோம். மாமா மட்டும் கிணற்றடியில் குளித்துக்கொண்டிருந்தார். டாக்ஸி போய் வெகுநேரம் ஆகியும் வாளி இறங்கும் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. அவ்வளவு நேரம் குளித்த மனிதரை நான் அதற்குப் பிறகு பார்த்ததில்லை.

மாமா கல்யாணம் பண்ணிக்கொண்டு, வேலை பார்த்து, ரிடையராகி, போயும் சேர்ந்துவிட்டார். அம்மாவும் இல்லை. போன மாதம் பழைய தெருக்காரி ஒருத்தி சொல்லித்தான் நர்ஸ் அக்கா திரும்பி வந்து பல வருஷமாகிறது, சேலையூரில் தம்பி மகன் வீட்டில் இருக்கிறார் என்று தெரிந்தது. என் வாசகி ஷேர் ஆட்டோ தூரத்தில் இருந்திருக்கிறார்.

மறுநாள் காலையிலேயே போய்விட்டேன். மாடி வீடு. ஜன்னல் ஓரத்தில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். கண் மங்கல், காது நன்றாகக் கேட்கிறது. யாரென்று சொன்னதும் கையைப் பிடித்து முகத்தருகே இழுத்துப் பார்த்தார்.

"இன்னா பாப்பா, கெயவி ஆயிட்டியே!"

இருவரும் சிரித்தோம். அம்மா போனதைக் கேட்டுக்கொண்டார். மாமாவைப் பற்றிக் கேட்கவில்லை. கொஞ்ச நேரம் பொறுத்து நான் வந்த விஷயத்துக்கு வந்தேன். "அக்கா, அந்த பைண்டிங் புக்கு..."

"அதுவா? அங்க எனக்குக் குடுத்த கட்டிலு ஒரு காலு குட்ட. அதுக்குக் கீய முட்டுக் குடுத்து வெச்சிட்டேன். நல்ல கெட்டி அட்ட பாப்பா. நான் அங்க இருந்த வரிக்கும் தாங்கிச்சே."

"படிக்கவே இல்லையா?"

"ஒரு நாளு பிரிச்சேன். பச வாசன வந்துச்சு. உங்க வூடு, கெணறு, எல்லாம் வந்துச்சு. அப்பால டூட்டி எப்டிப் பாக்கறது? மூடி கட்டிலுக்கு அடில தள்ளிட்டேன்."

எனக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. எத்தனை கதை! அத்தனையும் இந்த முகத்தைப் பார்த்து எழுதியதாக நினைத்துக்கொண்டிருந்தேனே. அம்மா அன்றைக்கே சொன்னாள், வைத்துக்கொள்வதற்குத்தான் என்று. அவள் ஒன்றைச் சரியாகக் கணித்திருக்கிறாள் என்றால் அது இதுதான். எழுந்து போய்விடலாம் என்றிருந்தது. ஆனால் வந்தது வந்தாயிற்று என்று, அந்தக் கடைசிப் பக்கம் நகல் இல்லை, நானே எழுதியது, அசல் பக்கத்தை மாமா சவரம் செய்து துடைத்துவிட்டார் என்று சொன்னேன்.

"எப்போ?"

"பொண்ணு பாக்கப் போன அன்னிக்கு."

ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். கீழே கேம்ப் ரோட்டில் பஸ் ஒன்று ஹாரனை விடாமல் அடித்துக்கொண்டு போனது.

"அசல்ல எப்டி முடிஞ்சிச்சுன்னு எனக்கு மறந்தே பூட்ச்சு. நீ எப்டி முடிச்சே?"

சொன்னேன். காபி, மழை, குடை, டம்ளர், கதவு. ஐம்பது வருஷம் காத்திருந்து கிடைத்த என் முதல் வாசகி முகத்தைச் சுளித்தார்.

"அவ்ளோதானா? ஒண்ணுமே கேக்காம அனுப்பிச்சிட்டாளா?"

"எனக்கு அப்ப பத்து வயசுக்கா."

"வந்து நின்னவன நாலு வார்த்த கேட்டிருக்க வாணாமா? காபி இன்னாத்துக்கு அவனுக்கு?" குரல் உயர்ந்துவிட்டது. பிறகு தணிந்தது. "நானும் கேக்கல பாப்பா. உங்கம்மா லட்டு குடுத்தாங்க, வாங்கித் துன்னேன். அந்தாளு கெணத்தாண்ட நிக்கறாரு, நான் பாட்டுக்கு டாக்ஸில ஏறிகினேன். எனக்குத்தான் வாய் வரல. கதைல வர்றவளாவது கேட்டிருக்கலாமே."

திருநீர்மலைக் குளத்தங்கரையும் தைலமும் அப்போதுதான் எனக்கு ஒன்றோடொன்று சேர்ந்தன. இத்தனை புத்தகம் படித்தவள், ஆயிரம் கதாநாயகிகளின் மனசைத் துருவிப் பார்த்தவள், எதிர் வீட்டில் நடந்ததைப் படிக்கவில்லை.

முடிச்சூர் வருகிற வரை ஷேர் ஆட்டோவில் எரிச்சலாகவே இருந்தது. அவர் சொன்னது சரிதான், முடிவு சொத்தை. வந்தவனுக்குக் காபி கொடுக்கிற கதாநாயகி என்ன கதாநாயகி? வீட்டுக்கு வந்ததும் செருப்பைக்கூடச் சரியாகக் கழற்றாமல் உட்கார்ந்தேன். குக்கர் கத்தியது, கத்தட்டும் என்று விட்டேன். அவளைக் கேட்க வைத்தேன். எப்போது முடிவு செய்தாய்? செய்த பிறகும் ஏன் ரயில்வே கேட் வரை கூட நடந்து வந்தாய்? உன் அக்கா லட்டோடு வருவாள் என்று தெரிந்தும் நீ எங்கே போயிருந்தாய்? நான் போனால் உனக்கு நிம்மதியா? ஒன்றை எழுதும்போதே அடுத்தது வந்து நின்றது. இத்தனை வருஷம் வராத எழுத்து கையை மீறி வந்தது.

உடனே சேலையூருக்குப் போன் செய்து படித்துக் காட்டினேன். கடைசிக் கேள்வி வரைக்கும் கேட்டுக்கொண்டார்.

"ஆங், இதான். இதத்தான் கேட்டிருக்கணும்" என்றார். "அப்பால? அவன் இன்னா சொன்னான்?"

"இன்னும் எழுதலக்கா."

"செரி, எழுது."

அன்றிலிருந்து தினமும் உட்காருகிறேன், எழுந்து போவதில்லை. டாக்டர் வாசலில் நிற்கிறான், அவள் கேட்டுவிட்டாள், அவன் வாயைத் திறக்க வேண்டும். நான் எழுதிப் பார்க்கிற எந்தப் பதிலும் மாமாவின் வாயில் பொருந்தவில்லை. அவரோடு ஒரே வீட்டில் வளர்ந்தவள், ஒருநாளும் அவரை ஒன்றும் கேட்டதில்லை. நர்ஸ் அக்கா தினமும் காலையில் போன் செய்கிறார். எடுத்ததும் வேறு பேச்சே கிடையாது.

"அவன் இன்னா சொன்னான் பாப்பா?"